சாட்டிலைட்டுக்கு ஊருணி தெரியாது: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல என்னைப் பத்தி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன், வெள்ளம் நிலநடுக்கம் வந்த ஊரை சாட்டிலைட் படத்துல கம்ப்யூட்டரை விட்டு பாக்க வைக்கிற வேலை பாக்குறேன்னு. அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் இம்புட்டு இருக்கும்னு நினைக்கல. பாதிப் பேரு சம்பளம் கேட்டிருக்காங்க, ரெண்டு பேரு ஜாதகம் கேட்டிருக்காங்க. ஜாதகத்தை விட்டுட்டு மத்ததுக்கு பதில் சொல்றேன். யார் பேரும் வேண்டாம், ஊர் மட்டும் போடுங்கன்னு ஆசிரியர்ட்ட சொல்லியிருக்கேன்.

கேள்வி: எம் பேரன் பெங்களூர்ல நல்ல கம்பெனில இருக்கான். இப்ப திடீர்னு மனிதாபிமான ஏஐ-ன்னு ஏதோ வேலைக்குப் போறேன்னு நிக்கிறான். அது தர்ம காரியமா, வேலையா? கம்ப்யூட்டர் போயி என்னத்த உதவி பண்ணும்?
ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

வேலைதான் ஆச்சி, பயப்படாதீங்க. வாரப் பத்திரிகைல ரெண்டு படம் போட்டு ஆறு வித்தியாசம் கண்டுபிடிங்கன்னு கேப்பாங்கள்ல, அதேதான். ஒரு படம் நிலநடுக்கத்துக்கு முன்னாடி சாட்டிலைட் எடுத்தது, இன்னொண்ணு பின்னாடி எடுத்தது, எந்த வீடு அப்படியே நிக்குது எது விழுந்திருச்சுன்னு சொல்லணும். என்ன, ஆறு வித்தியாசத்துக்கு பதிலா ஒரு ஊரே இருக்கும், அதையும் ஒரு வாரம் உக்காந்து பாக்க முடியாது, இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிக்கணும், ஏன்னா இடிபாட்டுக்குள்ள உயிரோட மாட்டிக்கிட்டவங்களைத் தேடுறவங்களுக்கு முதல் மூணு நாள்தான் கணக்கு. எந்தத் தெருவுக்கு முதல்ல போறது, எந்தப் பாலம் இருக்கு எது போயிருச்சு, இதை மனுஷக் கண்ணால மட்டும் பாத்துக்கிட்டிருந்தா நேரம் போயிரும்.

கம்ப்யூட்டருக்கு இதைக் கத்துக்குடுக்க 2019ல எக்ஸ்பிடி-ன்னு ஒரு பெரிய படத் தொகுப்பு வந்துச்சு. பல நாட்டு வெள்ளம், புயல், காட்டுத்தீ, நிலநடுக்கம், எரிமலை எல்லாத்துலயும் முன்னாடி பின்னாடி படம் எடுத்து, 8,50,000 கட்டடத்துக்கு மேல ஆளுங்க உக்காந்து கோடு போட்டு, பின்னாடி எடுத்த படத்தைப் பாத்து சேதமில்ல, கொஞ்சம் சேதம், பெரிய சேதம், தரைமட்டம்னு நாலு தரமா பிரிச்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா இதுக்குப் பின்னாடி இருந்தது அமெரிக்க ராணுவத் துறையோட ஒரு பிரிவு. குண்டு போடுறதுக்கு எடம் பாக்குற கண்ணும் கஞ்சி ஊத்துறதுக்கு எடம் பாக்குற கண்ணும் ஒரே கண்ணுதான், இதை உங்க பேரன் சேர்ற அன்னைக்கே மனசுல வச்சுக்கிட்டா நல்லது.

2023 பிப்ரவரி 6ஆம் தேதி துருக்கில 7.8 அளவுல வந்த நிலநடுக்கத்துல, இந்த மாதிரி படத்தைப் பாத்துக் கத்துக்கிட்ட புரோகிராம்களை, மாடல்னு சொல்வோம், உண்மையிலேயே ஓட்டுனாங்க. அப்ப வெளிச்சத்துக்கு வந்த ஒரு குறைய சொல்லியே ஆகணும். சாட்டிலைட் மேல இருந்து பாக்குது, அதுக்கு மொட்டை மாடி மட்டும்தான் தெரியும். ஆறு மாடி கட்டடம் அடுக்கடுக்கா ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காந்துருச்சுன்னு வைங்க, அடுக்கி வச்ச ஆப்பம் மாதிரி, மேல இருந்து பாத்தா மாடி முழுசா இருக்கும். மாடல் பாட்டுக்கு "சேதமில்லை"ன்னு பச்சை போட்டுட்டுப் போயிரும். நிழலோட நீளம் குறைஞ்சிருக்கான்னு பாத்து சந்தேகப்படுறதுக்கு ஒரு ஆள் வேணும். பேரன் அந்த சந்தேகப்படுற ஆளா இருந்தா தாராளமா அனுப்பி வைங்க.

கேள்வி: அண்ணே, கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். கட்டடத்தைக் கண்டுபிடிக்கிற மாடல் ஒண்ணு ட்ரெயின் பண்ணிருக்கேன், ஸ்கோர் 92 வருது. இதை ரெஸ்யூம்ல போட்டா இந்த ஃபீல்டுல வேலை கிடைக்குமா?
ஒரு மாணவர், காரைக்குடி

தம்பி, 92ஐக் கொஞ்சம் ஓரமா வை. நானும் ஒரு காலத்துல அந்த மாதிரி ஒரு நம்பரை வச்சுக்கிட்டு தலைகால் புரியாம திரிஞ்சவன்தான். அப்ப ஒரு சின்ன டீம்ல இருந்தேன், மாடலை வேற ஊர்ல டெஸ்ட் பண்ணலாம்னு சொன்னாங்க, நான் பெருமைக்கு நம்ம செட்டிநாட்டையே எடுத்துக்கிட்டேன். சொந்த ஊரு பாரு, நல்லா வரும்னு ஒரு இது.

வந்துச்சு. நம்ம பெரிய வீடுக எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும், முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு போயிக்கிட்டே இருக்கும், முன்வாசல் ஒரு தெருவுல இருந்தா பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும், நடுவுல வானம் பாத்த முற்றம். மாடல் ஒவ்வொரு முற்றத்தையும் காலி இடம்னு எடுத்துக்கிட்டு ஒரே வீட்டை மூணு வீடா, நாலு வீடா வெட்டிருச்சு. அதே சமயம் பக்கத்துப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற ஓட்டு வீடுக பத்தை ஒரே வீடா சேத்துருச்சு. ஓட்டுக் கூரையும் செம்மண் தரையும் ஒரே நிறமா இருந்த எடத்துல வீடே இல்லைன்னுருச்சு. இதெல்லாம் போதாதுன்னு வெள்ளம் கண்டுபிடிக்கிற இன்னொரு மாடலை ஓட்டுனா ஊருக்கு நடுவுல பல எடத்துல வெள்ளம்னு நீலமா காட்டுது, அதுவும் சதுர சதுரமா. நான் பதறிப்போயி ஊருக்கு ஃபோன் போட்டேன். எங்க அப்பா ரிட்டயர்டு போஸ்ட்மேன், காரைக்குடியச் சுத்தி அவர் சைக்கிள் மிதிக்காத தெரு கிடையாது. அவர் சொன்னாரு, "அது ஊருணிடா. உங்க தாத்தா பொறக்குறதுக்கு முன்னாடியே அங்கதான் இருக்கு."

அப்புறம் ஒரு லீவுல வந்து அந்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவர்ட்ட குடுத்தேன், சிவப்புப் பேனா எடுத்துக்கிட்டு உக்காந்தாரு, இது ஒரே வீடு, இது ரெண்டு பங்காளி, நடுவுல சுவர் இருக்கு மேல இருந்து தெரியாது, இது வீடே இல்ல கோயில் மண்டபம், இதுல யாரும் இல்ல பூட்டிக் கிடக்கு வாட்ச்மேன் மட்டும்னு ஒரே மத்தியானத்துல என்னோட மூணு மாச வேலையக் கிழிச்சுட்டாரு. கடைசியா சொன்னது யோசிச்சுப் பாரு. பூட்டிக் கிடக்குங்கிறது எந்த சாட்டிலைட்லயும் தெரியாது. வீட்டோட அளவை வச்சு இங்க எத்தனை பேரு இருப்பாங்க எத்தனை பொட்டலம் சாப்பாடு வேணும்னு கணக்குப் போடுற பழக்கம் இந்த ஃபீல்டுல உண்டு, அந்தக் கணக்கை நம்ம ஊருக்குப் போட்டா ஆள் இல்லாத அரண்மனைக்கு அம்பது பொட்டலமும் பின்னாடி கூரை வீட்டுல இருக்கிற பத்து பேருக்கு ரெண்டு பொட்டலமும் போகும்.

உன் 92 எப்படி வந்துச்சுன்னு ஒண்ணு மட்டும் செக் பண்ணு. ஒரே பெரிய படத்தைத் துண்டு துண்டா வெட்டி, அதையே கலந்து ட்ரெயினுக்குப் பாதி டெஸ்டுக்குப் பாதி பிரிச்சிருந்தேன்னா நீ பரிட்சைக் கேள்வியை முதல் நாளே பாத்துட்ட மாதிரி. ஒரு ஊர்ல ட்ரெயின் பண்ணி, அது பாக்கவே பாக்காத இன்னொரு நாட்டு ஊர்ல டெஸ்ட் பண்ணு, ஸ்கோர் விழும், விழட்டும், ஏன் விழுந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதி அதை ரெஸ்யூமோட அனுப்பு. இன்டர்வியூ எடுக்குற எடத்துல நான் இருந்தா 92ஐ விட அந்த ரெண்டு பக்கத்தைத்தான் படிப்பேன். அப்புறம் இன்னொண்ணு, சேதமான வீடுங்கிறது எப்பவுமே கம்மியாத்தான் இருக்கும், எக்ஸ்பிடி-லயே பெரும்பாலான வீடு சேதமில்லாததுதான். அதனால "எல்லா வீடும் நல்லாயிருக்கு"ன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்ற மாடலுக்குக்கூட நல்ல மார்க் வரும். விழுந்த வீட்டுல எத்தனையை விட்டுட்டோம்னு தனியா எண்ணு.

படிப்புன்னா பைத்தான், பைடார்ச் உனக்கு வந்திருக்கும். நம்ம பசங்க விட்டுர்றது மேப் பக்கம். கியூஜிஐஎஸ், ஜிடால்னு மேப் வேலைக்கான மென்பொருள், உருண்டை பூமியைத் தட்டை மேப்பாக்குற ப்ரொஜெக்ஷன்னா என்ன, ரெண்டு படம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரலைன்னா என்ன ஆகும், இதைக் கத்துக்க. முன்னாடி படமும் பின்னாடி படமும் அஞ்சு மீட்டர் தள்ளி இருந்தாலே ஊர்ல எல்லா வீடும் இடிஞ்ச மாதிரி தெரியும். ஐரோப்பாவோட சென்டினல் சாட்டிலைட் படம் காசில்லாம கிடைக்குது, யாரையும் கேக்க வேண்டாம். சிஸ்டம்ல ஜிபியு, அதான் இந்தக் கணக்கை வேகமாப் போடுற சிப், இல்லைன்னா, நெட்லயே புரோகிராம் ஓட்டுற கூகுள் கோலாப்ல ஓசில குடுக்கிறதே ஆரம்பத்துக்குப் போதும்.

கேள்வி: எங்க ஐயா காலத்துல பர்மாவுல எங்களுக்குக் கிட்டங்கி இருந்துச்சு, ரங்கூன் மொகல் தெரு கதை கேட்டே வளந்தவன் நான். 2025ல மாண்டலேல பூமி ஆடுனப்ப உங்க மெஷின் அங்க ஏதும் பாத்துச்சா?
ஒரு பெரியவர், தேவகோட்டை

பாத்துச்சுங்கய்யா. உங்க கேள்வியைப் படிச்சதும் ரொம்ப நேரம் அதுலயே இருந்தேன், எங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பர்மா தேக்குப் பெட்டி கிடக்கு.

2025 மார்ச் 28, 7.7 அளவு. மாண்டலே, சகாயிங் பக்கம் அடி. அந்த நாட்டுல ஏற்கெனவே உள்நாட்டுச் சண்டை, இன்டர்நெட்டும் போனும் பல எடத்துல கிடையாது, உள்ள போயி பாக்குறதே கஷ்டம், அந்த மாதிரி எடத்துலதான் மேல இருந்து பாக்குறதுக்கு மதிப்பு. ஆனா முதல்ல படம் எடுக்கப் போன சாட்டிலைட்டுக்கு மேகம் மறைச்சிருச்சு. அடுத்து பிளானட் லேப்ஸ் கம்பெனியோட சாட்டிலைட்டுக்கு வானம் தெளிஞ்சு கிடைச்ச படத்தை வச்சு மைக்ரோசாஃப்டோட ஏஐ ஃபார் குட் லேப் ஆளுங்க மாடலை ஓட்டுனாங்க. மாண்டலேல மட்டும் 515 கட்டடம் 80 சதவீதத்துக்கு மேல சேதம், இன்னும் 1,524 கட்டடம் 20லேர்ந்து 80 சதவீதத்துக்குள்ள சேதம்னு சொல்லிச்சு. அதை ரெட் கிராஸ் மாதிரி உதவி செய்றவங்களுக்குக் குடுத்தாங்க. இதை அப்படியே நம்பிராதீங்க, தரைல போயி சரி பாத்துக்கங்கன்னு அவங்களே சொல்லித்தான் குடுத்தது. ஆப்பம் கதைதான், மேல சொன்னேனே.

இதுல ஒரு சங்கதி உங்களுக்குப் புரியும். ஒவ்வொரு பேரிடருக்கும் கட்டடம் வேற, மண்ணு வேற, வெயில் விழுற கோணம் வேற. முன்னாடியே செஞ்சு வச்ச ஒரே மாடலைத் தூக்கிட்டுப் போனா பகோடா கோபுரத்தைப் பாத்து என்னன்னு முழிக்கும். அதனால அந்த ஊர்ப் படத்துலயே கொஞ்சத்தை ஆள் வச்சு அடையாளம் போட்டு, அதைக் கத்துக்கிட்டு மீதியைச் சொல்ல வைக்கிறது இப்ப பழக்கமாயிருக்கு. அந்த அடையாளம் போடுற நேரத்துல மாண்டலே தெருவைத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தா எப்படி இருக்கும்? நம்ம ஊர்ப் பெரியவங்கள்ல இந்த மாதிரி தெரு ஞாபகம் உள்ளவங்க இன்னும் இருந்தா எழுதி வைங்கய்யா. கம்ப்யூட்டருக்காக இல்லைன்னாலும் பேரப்புள்ளைகளுக்காக.

கேள்வி: கஜா புயல்ல எங்க தோப்பு போச்சு. அப்ப இந்த ஏஐ எங்க போயிருந்துச்சு?
ஒரு விவசாயி, ராயவரம்

கோவம் நியாயம்ணே. 2018 நவம்பர் 16 விடிகாலைல கரையேறுன புயல், விழுந்த தென்னையை எண்ண ஆளுங்க தோப்பு தோப்பா நடந்தாங்க, எண்ணி முடிக்கிற வரைக்கும் நீங்க காத்துக் கெடந்திருப்பீங்க. அப்பவே மரத்தோட தலைய மேல இருந்து எண்ணுற மாடல் ஆராய்ச்சியில இருந்துச்சு, தென்னை மரம் மேல இருந்து பாத்தா நட்சத்திரம் மாதிரி இருக்கும், எண்ணுறதுக்கு ரொம்ப சுலபமான மரம். இல்லாதது என்னன்னா முன்னாடி எண்ணி வச்ச கணக்கு. புயலுக்கு முன்னாடி உங்க தோப்புல எத்தனைன்னு யார்ட்டயும் படமா இல்லைன்னா, பின்னாடி எடுத்த படத்தை எதோட ஒப்பிடுறது? ட்ரோன்காரர் யாராவது ஊருக்கு வந்தா கோடைல ஒரு தடவை தோப்பைப் படம் எடுத்து தேதியோட வச்சுக்கங்க, செலவு கம்மி.

மேகத்துக்கும் மருந்து உண்டு. ரேடார் சாட்டிலைட் ராத்திரியும் பாக்கும் மேகத்துக்குள்ளயும் பாக்கும், தண்ணி தேங்குன எடம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கிறதால ரேடார் அலை திரும்பி வராம அங்கிட்டே போயிரும், படத்துல கருப்பாத் தெரியும், அதை வச்சுத்தான் வெள்ளம் எங்கன்னு சொல்றது. ஊருணியும் கருப்பாத்தான் தெரியும், அதான் நான் மாட்டுனது. வருஷம் பூரா தண்ணி நிக்கிற எடம் எதுன்னு ஒரு மேப் வச்சுக் கழிக்கணும், நம்ம ஊருணி கோடைல வத்தி மழைல ரொம்புறதால அந்த மேப்லயும் பாதி இருக்காது. 2025 ஜூலை 30ல ஸ்ரீஹரிகோட்டால இருந்து இஸ்ரோவும் நாசாவும் சேந்து நிசார்னு ஒரு ரேடார் சாட்டிலைட் அனுப்பியிருக்காங்க, அதுல இருக்கிற எல் பேண்ட்ங்கிற ரேடார் அலையோட நீளம் ஜாஸ்தி, இலையத் தாண்டி உள்ள போகும், தோப்புக்காரங்களுக்கு அது பிரயோஜனமா இருக்கும்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

கேள்வி: அகதிங்க முகாமையெல்லாம் மேல இருந்து படம் எடுக்கிறது தப்பில்லையா? யார் கேட்டு எடுக்கிறீங்க?
ஒரு கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

இந்தக் கேள்வி ஒண்ணு வந்ததுக்கே இந்தப் பத்தி எழுதுனது தகும்மா. முகம் தெரியாது, அது முதல்ல. காசு குடுத்து வாங்குற நல்ல சாட்டிலைட் படத்துலயே ஒரு புள்ளிங்கிறது தரைல 30 சென்டிமீட்டர், மனுஷன் ஒண்ணு ரெண்டு புள்ளிதான். ஆனா முகம் தெரியலைங்கிறதால பிரச்சினை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். கூடாரம் எங்க இருக்கு, எத்தனை இருக்கு, போன வாரத்தை விட எத்தனை கூடியிருக்கு, இதெல்லாம் சோறு அனுப்புறவனுக்கும் வேணும், தொரத்திட்டு வர்றவனுக்கும் வேணும். சண்டை நடக்கிற எடத்துல சில மேப்பை நாங்க செஞ்சு முடிச்சும் வெளியிடாம வச்சிருக்கோம், ஒரு தடவை ஏன் வெளியிடலைன்னு எனக்கும் என் மேலதிகாரிக்கும் பெரிய வாக்குவாதம், அன்னைக்கு வெளியிடணும்னு கத்துனது நான்தான், இப்ப யோசிச்சா அவர் பக்கம்தான் நியாயம்.

சேத்து வச்ச டேட்டா எப்பவுமே திருட்டுப் போகலாம். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தோட சர்வருக்குள்ள யாரோ புகுந்து 5,15,000 பேருக்கு மேல உள்ளவங்க விவரத்துல கை வச்சிருக்காங்கன்னு 2022 ஜனவரில தெரிய வந்துச்சு, எல்லாம் குடும்பத்தைப் பிரிஞ்சவங்க, காணாமப் போனவங்க, சிறைல இருக்கிறவங்க. உதவி கேட்டு வந்தவன் வேண்டாம்னு சொல்ல முடியாத நிலைமைல குடுத்த விவரம் அது. அதனால நான் புதுசா வர்ற பசங்ககிட்ட கேக்குறது இதான், உன் மாடல் என்னென்ன கண்டுபிடிக்கும்னு சொல்லிட்ட, எதைக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிருக்கன்னு சொல்லு. பாதிப் பேரு முழிப்பாங்க. நீ முழிக்க மாட்டன்னு தோணுது, கோடிங் கத்துக்க, வா.

கேள்வி: சம்பளம்? நேரா சொல்லுங்க.
காரைக்குடிலேர்ந்து ஏழு பேரு

நேரா சொல்றேன். இதே திறமைய வச்சுக்கிட்டு கார் கம்பெனிக்கோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ போனா இதை விட ஜாஸ்தி வாங்கலாம். ஐநா அமைப்புகள்ல பணம் நல்லாவே வரும், ஆனா எடம் கம்மி, பெரும்பாலும் ஆறு மாசம் ஒரு வருஷம்னு கான்ட்ராக்ட், மாஸ்டர்ஸ் டிகிரி கேப்பாங்க, அனுபவம் கேப்பாங்க. நம்ம நாட்டுல ஹைதராபாத்துல இஸ்ரோவோட நேஷனல் ரிமோட் சென்சிங் சென்டர் இருக்கு, வெள்ளம் புயல்னா மேப் போடுறது அவங்கதான். உடம்பு பக்கம் போகணும்னா நெஞ்சு எக்ஸ்ரேவைப் பாத்து டிபி சந்தேகம் சொல்ற மென்பொருளை 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்குப் பயன்படுத்தலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லிருச்சு, அதுல வேலை பாக்குற கம்பெனி நம்ம நாட்டுலயே இருக்கு. நான் முதல் நாலு வருஷம் பகல்ல பயிர் இன்சூரன்ஸ் கம்பெனி ஒண்ணுக்கு வயல் எண்ணிக்கிட்டு ராத்திரில இந்த வேலைய சும்மா செஞ்சேன். வீட்டுக் கடன் இருக்கிறவங்க அந்த மாதிரியே ஆரம்பிங்க, வெக்கமில்ல.

கேள்வி: எட்டாம் வகுப்புப் புள்ளைகளுக்கு இதுல செய்ய ஏதாவது இருக்கா சார்?
ஒரு ஆசிரியை, கோட்டையூர்

நிறைய இருக்கு டீச்சர், ஏஐ எதுவும் வேண்டாம். 2010ல ஹைதில நிலநடுக்கம் வந்தப்ப தலைநகரத்துக்கே ஒழுங்கான மேப் இல்ல, உலகம் பூரா ஆளுங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு சாட்டிலைட் படத்தைப் பாத்து, யாரு வேணும்னாலும் வரையலாம்ங்கிற ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல தெரு தெருவா வரைஞ்சாங்க, அதுலேர்ந்து கிளம்புனதுதான் பேரிடர் ஊருக்கு மேப் போடுற ஹாட்-ங்கிற அமைப்பு. அதே வழில மேப்ஸ்வைப்னு ஒரு ஆப் இருக்கு, படத்துல வீடு இருந்தா தட்டணும் இல்லைன்னா தள்ளணும், திண்ணைல உக்காந்து விளையாடுற மாதிரி.

ஆனா உங்க புள்ளைகளுக்கு நான் குடுக்கிற வேலை வேற. ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல உங்க ஊரைத் தொறங்க. ஊருணி எத்தனை இருக்குன்னு பாருங்க, பேரு போட்டிருக்கான்னு பாருங்க, வரத்துக்கால் எங்கேர்ந்து வருது, எது தூந்து போயிருச்சு. இல்லாததை ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு சனிக்கிழமை காலைல புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நடந்து போயி, பேரை அந்தத் தெருவுல இருக்கிற வயசானவங்ககிட்ட கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. அப்லோட் பண்றதுல சிக்கல்னா பத்திரிகை ஆபீசுக்கு எழுதுங்க, நான் அடுத்த லீவுக்கு வர்றப்ப ஸ்கூலுக்கே வந்து செஞ்சு தர்றேன், அப்பாவையும் கூட்டிட்டு வர்றேன், சிவப்புப் பேனா அவர்ட்டயே இருக்கு.